கொழும்புக்கு வழி சொன்ன சிவப்புப் புத்தகம்

கொழும்புக்குப் போகும் வழியை நான் நான்கு மாதம் படித்தேன். தலைமன்னாரில் எந்தப் பக்கம் இறங்க வேண்டும், அங்கிருந்து போகும் வண்டியில் வெயில் படாத சன்னல் எது, எந்த ஸ்டேஷனில் நல்ல தண்ணீர் கிடைக்கும் என்பதையெல்லாம் இன்றைக்குத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன். போனதுதான் இல்லை.

எங்கள் வீட்டில் இதை யாரும் பேசுவதில்லை. பேசாமல் இருப்பதும் ஒரு வேலைதான். பல வருடம் அந்த வேலையைச் செய்து எனக்கு அலுத்துவிட்டது. அதனால் எழுதுகிறேன்.

ராஜா காலத்து நாணயமான சக்கரமும் பணமும் போய் திருவனந்தபுரத்தில் ரூபாயும் அணாவும் பழகிக்கொண்டிருந்த காலம். நான் ஒரு பெண்கள் பள்ளியில் தமிழ் டீச்சர். என் கணவர் கணக்கு ஆபீஸில் குமாஸ்தா. இருவருக்கும் சொந்த ஊர் நாகர்கோவில் பக்கம். கரமனையில் வாடகை வீடு. குழந்தை இல்லை. அதைப் பற்றி ஊரே போதுமான அளவு பேசிவிட்டதால் நான் பேசவில்லை. காலையில் சமையல், பிறகு பள்ளி. வகுப்பில் நான் தமிழில் கேட்டால் பிள்ளைகள் மலையாளத்தில் பதில் சொல்லும். மாலையில் கால் வீங்க வீடு திரும்பி மறுபடி சமையல். அந்த வருடங்களில் எனக்கு இருந்த ஒரே ஆசை ஒரு நாள் முழுக்கப் படுத்துத் தூங்க வேண்டும் என்பதுதான்.

அப்படி இருக்கும்போது மார்கழியில் அக்காவின் கடிதம் வந்தது. அக்கா பதினேழு வயதில் கல்யாணமாகிக் கொழும்புக்குப் போனவள். அத்தானுக்கு அங்கே ஒரு ஜவுளிக்கடையில் வேலை. நடுவில் யுத்தம் வந்தது, அம்மா போய்ச் சேர்ந்தாள், வழிச் செலவுக்கு வழியில்லாமல் போயிற்று. பதினோரு வருடம் நாங்கள் முகம் பார்க்கவில்லை. அதற்குள் அவளுக்கு இரண்டு குழந்தைகள் பிறந்து இரண்டும் நிலைக்கவில்லை. இப்போது மூன்றாவது. வைகாசி நடுவில் பேறுகாலம் என்று டாக்டர் சொன்னாராம். வண்டி, கப்பல் எதிலும் ஏறக் கூடாது என்றும் சொல்லிவிட்டாராம். 'எனக்குப் பயமாக இருக்கிறது. அம்மா இருந்தால் அம்மா வருவாள். நீ வந்து என் பக்கத்தில் இரு' என்று எழுதியிருந்தாள்.

எங்கள் பக்கத்தில் பேறுகாலத்துக்குப் பெண் பிறந்த வீட்டுக்கு வருவாள். வர முடியாதவளிடம் பிறந்த வீடு போக வேண்டும். அந்தப் பிறந்த வீட்டில் மிச்சம் இருந்தது நான் ஒருத்திதான்.

சித்திரையில் பள்ளி விடுமுறை. கணவருக்கு லீவு கிடைக்கும். எனவே போகலாம் என்று அன்றைக்கே முடிவாயிற்று. சாதாரண மனிதர்களாக இருந்தால் மறுநாள் போய், போய் வந்தவர் யாரையாவது கேட்டிருப்பார்கள். என் கணவர் கணக்கு ஆபீஸில் பதினான்கு வருடம் மற்றவர்கள் எழுதியதைச் சரிபார்த்தவர். ஒருவர் வாயால் சொல்வது அவருக்குக் காதில் விழும், மனதில் விழாது. அது அச்சில் இருந்தால்தான் நிஜம்.

"முதல்ல நல்ல ஒரு கைடு புக்கு வேணும். புக்கு இல்லாம வெளிநாட்டுக்குப் போறவன் கண்ணைக் கெட்டிக்கிட்டுக் காட்டுல போறவனாக்கும்" என்றார்.

கேலி செய்கிறேனே தவிர, எனக்கும் அது சரியென்றுதான் பட்டது. நானும் புத்தகத்தை வைத்துப் பிழைப்பவள்தானே. அவர் ஒரு பங்கு என்றால் நான் ஒன்றரைப் பங்கு. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் பழியை அவர் தலையில் மட்டும் யாரும் கட்டிவிடக் கூடாது.

சனி, ஞாயிறுகளில் புத்தகம் தேடினோம். பொது நூலகத்தில் இலங்கையைப் பற்றி மூன்று தடித்த புத்தகங்கள் இருந்தன. வீட்டுக்குக் கொடுக்க மாட்டார்கள். அங்கேயே உட்கார்ந்து நான் நோட்டில் பார்த்து எழுதினேன். ஒன்றில் பாழடைந்த பௌத்த விகாரங்கள், இன்னொன்றில் யானை பிடிக்கும் முறை. தனுஷ்கோடியில் எங்கே டிக்கெட் எடுப்பது என்று ஒன்றிலும் இல்லை. வாடகைக் கார் வைத்துக்கொண்டு பெரிய ஹோட்டலில் தங்குகிறவர்களுக்கு எழுதியவை அவை. மூன்றாம் வகுப்பில் கட்டுச்சோற்றோடு போகிற எங்களுக்கு யார் எழுதுவார்கள்? இரண்டு மாதம் இப்படிப் போயிற்று. நூலகத்து நாற்காலியில் உட்கார்ந்தபடியே நான் தூங்கி விழுந்ததும் உண்டு.

கடைசியில் மாசி மாதத்தில் பாளையத்தில் நடைபாதையில் பழைய புத்தகம் விற்பவரிடம் அது அகப்பட்டது. சிவப்பு அட்டை, தங்க எழுத்து, மடித்து வைத்த வரைபடங்கள் நான்கு.

"சாரே, இது ஒண்ணாந்தரம் சாதனமாணு. பொன்முடியிலே சாயிப்பிண்டெ புக்கு" என்றார் கடைக்காரர். பொன்முடித் தேயிலைத் தோட்டத்தில் இருந்த வெள்ளைக்கார துரை ஒருவர் நாட்டை விட்டுப் போகும்போது தட்டுமுட்டுச் சாமான்களோடு விற்றுவிட்டுப் போனதாம். திருவனந்தபுரத்திலிருந்து செங்கோட்டை வழியாக மதுரை, அங்கே வண்டி மாறி மண்டபம், தனுஷ்கோடி, கப்பல், தலைமன்னார் என்று படிப்படியாகப் போட்டிருந்தது. மலிவான சத்திரங்கள் கூட ஒரு பக்கம் இருந்தன. பழம் நழுவிப் பாலில் விழுந்தது என்று வாங்கிக்கொண்டு வந்தோம்.

முதல் பக்கத்தில் ஆண்டு போட்டிருந்ததைப் பார்க்காமல் இல்லை. யுத்தத்துக்கு முந்தியது. நான்தான் கேட்டேன், பழசாக இருக்கிறதே என்று.

"கடலு அங்கினதான் இருக்கு, கப்பலும் அங்கினதான் இருக்கு. வண்டி நேரமும் சார்ஜும் மாறியிருக்கும். அதுக்குப் புதுசா ரெயில்வே டைம்டேபிள் வாங்கினா மதி" என்றார். அந்த 'மதி'யோடு எனக்கும் போதும் என்று ஆகிவிட்டது.

எங்கள் தெருவில் மூன்று வீடு தள்ளி திருநெல்வேலிக்காரர் ஒருவர் இருந்தார். சாலைக் கடைத்தெருவில் வற்றல் மிளகாயும் வெங்காயமும் மொத்த வியாபாரம். அண்ணாச்சி என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். வியாபார விஷயமாக இரண்டு மாதத்துக்கு ஒரு முறை கொழும்புக்குப் போய் வருகிறவர். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்தோம் என்பது இதுதான். ஆனால் அண்ணாச்சிக்கு வாய் கொஞ்சம் நீளம். கப்பலிலிருந்து பனை மர உயரத்துக்குத் திமிங்கிலம் எழும்பியதைப் பார்த்ததாக அவர் சொன்னதை நினைத்து நானும் கணவரும் வாரக்கணக்கில் சிரித்திருக்கிறோம். படித்தவர்கள் என்ற எண்ணம் எங்களுக்கு இருந்தது. அவருக்குக் கையெழுத்துப் போடத்தான் தெரியும் என்ற எண்ணமும் இருந்தது.

நாங்கள் போகப்போவது தெரிந்ததும் அவர் தாமாகவே வீட்டுக்கு வந்தார். சிவப்புப் புத்தகத்தை வாங்கிப் பார்த்துவிட்டு மரியாதையாகத் திருப்பித் தந்தார்.

"டீச்சரம்மா, முன்ன மாதிரி டிக்கெட் எடுத்தோம் ஏறினோம்னு போவ முடியாது, கேட்டியளா. இப்பம் அது வேற நாடுல்லா. நம்ம படம் ஒட்டுன பாஸ்போர்ட்டு வேணும். அதுல அவன் விசா குத்தித் தரணும். எப்படியும் ரெண்டு மூணு மாசம் ஆவும். இன்னைக்கே எழுதிப் போட்டிருங்க" என்றார். அத்துடன் ஊசி போட்டுச் சான்று வாங்குவது, புதுச் சேலை கொண்டுபோனால் சுங்கத்தில் பிடிப்பது, மதுரையில் இப்போது வண்டிக்குக் காத்திருக்கும் நேரம் எல்லாம் சொன்னார். போகும்போது ஒரு சின்னத் தமிழ்ப் புத்தகத்தைத் திண்டின் மேல் வைத்துவிட்டுப் போனார். கதிர்காமத்துக்கு யாத்திரை போகிறவர்களுக்காக யாரோ சாணித்தாளில் அச்சடித்தது. அட்டையில் மூட்டுவலித் தைல விளம்பரம். நான் தமிழ் டீச்சர். அந்தத் தமிழ்ப் புத்தகத்தின் அட்டையைப் பார்த்து உதட்டைப் பிதுக்கிவிட்டு அலமாரிக்கு மேலே போட்டேன்.

அன்று மாலை கணவர் ஒரு பெரிய தாளில் கோடு போட்டார். ஆபீஸில் சரிபார்க்கும் முறை அது. விவரம் என்று ஒரு பத்தி, புத்தகம் சொல்வது ஒரு பத்தி, பிறர் சொல்வது ஒரு பத்தி, முடிவு ஒரு பத்தி. அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். என் கையெழுத்து அழகு என்று எப்போதும் என்னைத்தான் எழுதச் சொல்வார்.

ஊசிக்கு இரண்டு பத்தியும் ஒத்துப்போயின. மதுரை வண்டிக்கு டைம்டேபிளைப் பார்த்தோம். அண்ணாச்சி சொன்னது சரி, புத்தகம் தவறு. அப்போதாவது புத்தி வந்திருக்க வேண்டும். வரவில்லை. பாஸ்போர்ட்டுக்கு வந்தபோது புத்தகத்தில் தனி அத்தியாயமே இருந்தது. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போகும் கூலி ஆட்களை மண்டபத்து முகாமில் நிறுத்தி வைப்பார்கள், அவர்களுக்குக் காகிதம் வேண்டும், மற்றப் பயணிகள் வைத்தியச் சோதனை முடிந்ததும் போகலாம் என்று.

"இன்னா பாரு, தெளிவா போட்டிருக்கான். காயிதமும் கேம்பும் எல்லாம் தோட்டத்து ஆளுகளுக்காக்கும். நமக்கு வேண்டாம்" என்றார் கணவர்.

"அண்ணாச்சி நமக்கும் வேணும்னுல்லா சொல்லுகாரு?" என்றேன்.

"அவரு திமிங்கிலம் பாத்த ஆளு. வேவாரி கூட்டத்தோட போவாரு, அவங்களுக்கு என்னவும் சட்டம் இருக்கும். ஆபீசிலே இப்பிடி வாய்ப்பேச்சைக் கேட்டு நோட்டு எழுதினா ஆபீசர் கிழிச்சுக் களைஞ்சிருவாரு."

அவர் சொன்னதை விட நான் நினைத்ததுதான் மோசம். போனக்காட்டிலிருந்தும் பொன்முடியிலிருந்தும் தேயிலை பறிக்கும் நம் ஆட்கள் விதுரா சந்தையில் கூடை இறக்கி நிற்பதை நான் பார்த்திருக்கிறேன். அவர்களைப் போல என்னையும் ஒருவன் வரிசையில் நிறுத்திக் காகிதம் கேட்பான் என்று என் மனது ஏற்கவில்லை. குமாஸ்தாவின் பெண்டாட்டி, பள்ளிக்கூடத்து டீச்சர், எனக்குக் காகிதமா? 'தோட்டத் தொழிலாளருக்கு மட்டும்' என்று முடிவுப் பத்தியில் நானே எழுதினேன். அடியில் கோடும் போட்டேன்.

செய்தித்தாளில் வந்திருக்குமே என்று கேட்பார்கள். வந்திருக்கும். கொச்சியும் திருவிதாங்கூரும் ஒன்றானது, மந்திரிசபை விழுந்தது, எழுந்தது என்று எங்கள் கண் வேறு பக்கங்களில் இருந்தது.

சித்திரைக் கடைசியில் புறப்பட்டோம். அண்ணாச்சி வியாபாரத்துக்காக விருதுநகர் போயிருந்தார். இருந்திருந்தால் தம்பானூர் ஸ்டேஷனிலேயே எங்களைப் பிடித்து இறக்கியிருப்பார். பேறுகால மருந்துச் சாமான், நல்லெண்ணெய், குழந்தையைப் பொதிய துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆன பழைய வேட்டிகள், அம்மாவின் சேலை ஒன்று ஆகியவற்றை ஒரு மூட்டையாகக் கட்டி மடியில் வைத்திருந்தேன். பெட்டியில் வைத்தால் அழுங்கும் என்று மதுரை வரைக்கும் கீழே வைக்கவில்லை. அலுப்பு இருந்தது, ஆனால் அது நல்ல அலுப்பு. இன்னும் ஒரு நாளில் அக்காவைப் பார்த்துவிடுவேன் என்று ஒவ்வொரு ஸ்டேஷனிலும் சொல்லிக்கொண்டேன்.

மண்டபத்தில் காகிதம் பார்க்க அதிகாரிகள் வந்தார்கள். எங்கள் பெட்டிக்கு வந்தவர் வயதில் சின்னவர், முகத்தில் கடுமை இல்லை. ஊசிச் சான்றைப் பார்த்தார். பிறகு கையை நீட்டியபடியே நின்றார்.

"பாஸ்போர்ட்?"

கணவர் சிவப்புப் புத்தகத்தை எடுத்து, அடையாளம் வைத்த பக்கத்தைத் திறந்து அவரிடம் கொடுத்தார். எதற்கென்று புரியாமல் அந்தப் பிள்ளை வாசித்தார். அப்புறம் முதல் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார்.

"சார், இது யுத்தத்துக்கு முந்தின புஸ்தகம். இப்ப சட்டம் மாறிப் போச்சு. எல்லாருக்கும் வேணும் சார். நான் விட்டாலும் அந்தக் கரையிலே இறக்க மாட்டாங்க."

கணவர் புத்தகத்தை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். நான்தான் பேசினேன். அக்காவுக்குப் பேறுகாலம், தாய் இல்லை, இரண்டு முன்பே தவறிவிட்டது என்று எல்லார் முன்னாலும் கெஞ்சினேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார். "எழுதிப் போட்டா வந்துரும்மா. கொஞ்ச நாள் ஆகும்" என்றார். கொஞ்ச நாள்தான் என்னிடம் இல்லை.

மூட்டை முடிச்சுகளோடு பிளாட்பாரத்தில் இறங்கினோம். தோட்டத்து ஆட்கள் ஒரு குடும்பமாக எங்களைத் தாண்டிப் போனார்கள். அவர்களில் ஒருத்தி, என் வயதுதான் இருக்கும், இடுப்பில் குழந்தை, மஞ்சள் துணியில் சுற்றிய காகிதங்களை நெஞ்சோடு பிடித்திருந்தாள். நின்று என்னைப் பார்த்தாள்.

"காயிதம் இல்லாமலா வந்தீங்க?" என்று கேட்டாள். அவளுக்கு உண்மையிலேயே ஆச்சரியம். பிறகு மூட்டையைப் பார்த்து, "யாருக்காச்சும் குடுக்கணுமாம்மா? எங்க கங்காணி கொழும்புக்குப் போவாரு. அவருகிட்ட சொல்லிக் குடுத்து அனுப்புறேன்" என்றாள்.

முன்பின் தெரியாதவளிடம் எப்படிக் கொடுப்பது என்று கணவர் என்னைப் பார்த்தார். நானும் அதையே நினைத்தேன். வேண்டாம் என்று தலையாட்டினேன். அவள் போய் வண்டியில் ஏறிக்கொண்டாள். கப்பலுக்குப் போகும் அந்த வண்டி எங்களை விட்டுவிட்டுப் போயிற்று. நான் பிளாட்பாரத்திலேயே உட்கார்ந்து சத்தம் போட்டு அழுதேன். எனக்கு வெட்கமாக இல்லை. வெட்கப்பட வேண்டியதை முன்பே செய்து முடித்திருந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் அலமாரிக்கு மேலே கிடந்த அந்தச் சாணித்தாள் புத்தகத்தை எடுத்தேன். தைல விளம்பரத்துக்கு அடுத்த பக்கத்திலேயே இருந்தது. பாஸ்போர்ட், விசா, எங்கே எழுதுவது, எத்தனை படம் எல்லாம் நல்ல தமிழில். கணவரிடம் காட்டவில்லை. காட்டி என்ன ஆகப்போகிறது.

அண்ணாச்சி வந்து கேள்விப்பட்டதும் நேரே வீட்டுக்கு வந்தார். நான் சொன்னேனே என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம். "மூட்டையைக் குடுங்க டீச்சரம்மா, அடுத்த மாசம் போறேன், நானே வீட்டுல கொண்டு சேத்துருதேன்" என்றார். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று அவர் வீட்டம்மா மட்டும் கிணற்றடியில் யாரிடமோ சொன்னாளாம். தப்பில்லை. நானாக இருந்தால் இன்னும் பத்துப் பேரிடம் சொல்லியிருப்பேன்.

அக்காவுக்கு வைகாசி பத்தாம் தேதிக்குள்ளேயே வலி எடுத்துவிட்டது. ஆண் குழந்தை. இந்த முறை தங்கிவிட்டது. அத்தான் எழுதிய கடிதத்தில் இருவரும் சுகம் என்று மட்டும் இருந்தது. கையில் பிடித்துக்கொண்டு நான் நடுக்கூடத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். அண்ணாச்சி கொண்டுபோன மூட்டை போய்ச் சேர்ந்தபோது குழந்தைக்கு ஒரு மாதம் முடிந்திருந்தது. ஒரு மாதம் அவன் யார் வீட்டுத் துணியில் கிடந்தான் என்று நான் கேட்கவில்லை, அவளும் எழுதவில்லை.

பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போட்டோம். வந்தது. அதற்குள் பள்ளி திறந்துவிட்டது. அடுத்த விடுமுறையில் கணவருக்கு மஞ்சள் காமாலை. அதற்கடுத்து விசாவுக்குக் கேட்ட காகிதங்களில் ஒன்று குறைந்தது. வைராக்கியமாக நின்றிருந்தால் போயிருக்கலாம். மண்டபத்தோடு எனக்கு அந்தத் தெம்பு போய்விட்டது. கடிதம் எழுதுவேன், அண்ணாச்சி கையில் ஏதாவது கொடுத்து அனுப்புவேன். அவ்வளவுதான்.

குழந்தைக்கு இரண்டு வயது முடிந்தபோது அக்கா நீளமாக ஒரு கடிதம் எழுதினாள். அதில்தான் முதல் முறையாக அந்த நாளைப் பற்றிச் சொன்னாள். வலி எடுத்தபோது அத்தான் கடையில் இருந்தாராம். பக்கத்து வீட்டுச் சிங்களத்து அம்மாள்தான் ஓடி வந்தாளாம். அவளுக்கு நம் பேச்சு அரைகுறை. டாக்டரைக் கூப்பிட ஆள் அனுப்பிவிட்டு, விடியும் வரை அக்காவின் கையை விடாமல் உட்கார்ந்திருந்தாளாம். பிள்ளையை முதலில் ஏந்தியது அவள் கைதான். கீழே இப்படி எழுதியிருந்தாள்: 'இப்போது நன்றாகப் பேசுகிறான். அவளைச் சித்தி என்று கூப்பிடுகிறான். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. உன்னைப் பற்றி நான் சொல்லுகிற கதைகளைக் கேட்டு, அவள்தான் அது என்று நினைத்துக்கொண்டான் போலிருக்கிறது. திருத்தலாம் என்று பார்க்கிறேன், மனது வரவில்லை. நீ வருத்தப்படாதே.'

அன்றைக்கே பதில் எழுதினேன். திருத்த வேண்டாம், வந்தவள் அவள்தானே என்று.